கால் மாத்திரைக்கு எதுக்கு பிரிண்டர்? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு பதில் எழுதும்போது, சில ஆஸ்பத்திரி பார்மசியில குழந்தைங்களுக்கு வேண்டிய டோஸ்ல மாத்திரையை அங்கேயே பிரிண்ட் பண்ணி கொடுக்க ஆரம்பிச்சிருக்காங்கன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. அதனால இந்த தடவை மொத்தமும் அதுதான். நான் குழந்தைகள் வார்டுக்கு மருந்து கலந்து கொடுக்குற பார்மசிஸ்ட், டாக்டர் இல்ல, உங்க பிள்ளையோட டோஸை கூட்டிக் குறைக்குற அதிகாரம் எனக்கு கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

கேள்வி: என் பொண்ணுக்கு 3 வயசு மேடம். பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பி பிரச்சனை. ஹைட்ரோகார்ட்டிசோன் 10 எம்ஜி மாத்திரையை நாலா வெட்டி ஒரு நாளைக்கு மூணு வேளை ஒவ்வொரு துண்டா கொடுக்கச் சொல்லியிருக்காங்க. நாலு துண்டும் ஒரே அளவா வரவே மாட்டேங்குது, ஒண்ணு பெருசு, ஒண்ணு வெறும் பொடி. இதனால ஏதாவது ஆகுமா? பிரிண்ட் பண்ணா சரியாயிடுமா?

பதில்: உங்க கையில கோளாறு ஒண்ணும் இல்லம்மா. பில் கட்டர்னு மாத்திரை வெட்டுற சின்ன டப்பா உண்டு, அதை வச்சு நான் வெட்டினாலும் அப்படித்தான் வருது, ரெண்டா வெட்டுறதாவது பரவால்ல, நாலுன்னு வந்தா ரெண்டாவது வெட்டுல துண்டு நொறுங்கிடும், கொஞ்சம் பொடி ப்ளேடுல ஒட்டும், கொஞ்சம் தட்டுல போகும். இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது, மாத்திரை நடுவுல கோடு இருந்தாலே சமமா பிரியும்னு அர்த்தம் கிடையாது. சில மாத்திரையில அந்தக் கோடு முழுங்க வசதியா உடைச்சுக்கத்தான், டோஸ் பிரிக்க இல்லன்னு கம்பெனிக்காரங்களே உள்ள இருக்குற காகிதத்துல எழுதியிருப்பாங்க.

உங்க பொண்ணு விஷயத்துல இது ஏன் முக்கியம்னா, அவ உடம்பு தானா சுரக்க வேண்டிய ஹார்மோனை நீங்க வெளியில இருந்து கொடுக்குறீங்க. குறைஞ்சா சோர்வு, உடம்பு சரியில்லாத நேரத்துல ஆபத்து. நாள் கணக்கா கூடிட்டே போனா வளர்த்தி குறையும், எடை ஏறும். இந்த வியாதிக்கு பொதுவா ஒரு நாளைக்கு உடம்பு பரப்பளவுல ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 15 எம்ஜி, அதை மூணு வேளையா பிரிக்கணும்னு கணக்கு. மூணு வயசுப் பிள்ளையோட பரப்பளவு சுமார் 0.6 சதுர மீட்டர் இருக்கும், ஆக மொத்த நாளைக்கே 6ல இருந்து 9 எம்ஜி. ஒரு வேளைக்கு 2ல இருந்து 3. பாருங்க, இவ்ளோ குறுகின இடத்துல ஒரு துண்டுல ஒண்ணேகால் எம்ஜியும் அடுத்த துண்டுல மூணேகாலும் போச்சுன்னா டாக்டர் போட்ட கணக்குக்கு என்ன மதிப்பு?

தண்ணியில கரைச்சு நாலுல ஒரு பங்கு எடுத்துக் கொடுக்கலாமேன்னு சில பேர் கேப்பாங்க. ஹைட்ரோகார்ட்டிசோன் தண்ணியில சரியா கரையாது, அடியில தங்கிடும், மேல எடுத்தா குறைச்சலாவும் அடியில எடுத்தா அதிகமாவும் வரும். வெட்டுறதை விட மோசம்னு கூட சொல்லலாம்.

பிரிண்டர் இந்த மாதிரி கேஸுக்குன்னே பிறந்த மாதிரிதான். 2.5 வேணும்னா 2.5, அடுத்த மாசம் எடை ஏறி 2.8 ஆச்சுன்னா 2.8. ஆனா பிரிண்டர் வந்தாத்தான் விடிவுன்னு காத்திருக்க வேண்டியதில்ல. இதே மருந்து குழந்தைங்களுக்குன்னு 0.5, 1, 2, 5 எம்ஜி அளவுல குருணையா கேப்ஸ்யூலுக்குள்ள போட்டு வந்திருக்கு, ஐரோப்பாவுல 2018ல, அமெரிக்காவுல 2020ல அனுமதி கிடைச்சுது. கேப்ஸ்யூலைத் திறந்து குருணையை வாயில போட்டுடணும். அது உங்களுக்குக் கிடைக்குமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கிடைக்கலன்னா, ஆஸ்பத்திரி பார்மசியிலயே மருந்து கலந்து சின்ன டோஸா தயார் பண்ணித் தர முடியுமான்னு கேளுங்க. அது வரைக்கும் இப்ப கொடுக்குற மாதிரியே கொடுங்க, துண்டு சரியில்லன்னு ஒரு வேளையைக் கூட நிறுத்திடாதீங்க, இந்த மருந்தை நிறுத்துறது அளவு கொஞ்சம் பிசகுறதை விட பெரிய ஆபத்து. காய்ச்சல், வாந்தின்னு வந்தா எவ்ளோ கூட்டிக் கொடுக்கணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பாரு, அந்த சீட்டு எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடி வச்சுக்கோங்க.

கேள்வி: மாத்திரையை பிரிண்ட் பண்றதுன்னா எப்படி? பேப்பர் பிரிண்டர் மாதிரியா, இல்ல பொம்மை செய்யுற 3டி பிரிண்டர் மாதிரியா? நான் பி.பார்ம் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன்கா, கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பதில்: ரெண்டு மாதிரியும் இருக்கு தம்பி. இங்க்ஜெட் மாதிரி மருந்துக் கரைசலை சொட்டு சொட்டா ஒரு மெல்லிசான படலத்து மேல விட்டு, நாக்குல வச்சா கரையுற பட்டையா பண்றது ஒரு வழி. பவுடரை பரப்பி அது மேல பசைத்திரவத்தை தெளிச்சு அடுக்கடுக்கா ஒட்டவைக்குறது இன்னொண்ணு. பொம்மை செய்யுற மெஷின் மாதிரி இழையை உருக்கி வரையுறதும் உண்டு, ஆனா அதுக்கு பெரும்பாலும் நூறு டிகிரிக்கு மேல சூடு வேணும், சூட்டுல கெட்டுப்போற மருந்துக்கு ஆகாது.

குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு ரொம்ப பொருந்துறதுன்னா கெட்டியான ஜெல்லைப் பிழியுற முறை. பேஸ்ட் ட்யூபை அமுக்கினா எப்படி வருமோ அப்படி, ஒரு பெரிய சிரிஞ்சுல மருந்து கலந்த ஜெல் இருக்கும், மெஷின் கொஞ்சமா சூடு காட்டி நுனி வழியா பிழிஞ்சு வட்டமா சுத்திச் சுத்தி மாத்திரை வடிவத்துல வைக்கும், நேரா ப்ளிஸ்டர் குழிக்குள்ளயே, அதான் மாத்திரை அட்டையில இருக்குற குழிக்குள்ளயே கூட பிழியலாம், ஆறினா கெட்டியாயிடும். இந்த ஜெல்லைத்தான் நாங்க இங்க்னு சொல்றது.

டோஸ் எப்படி மாறுதுன்னு பாத்தா எல்லாம் புரிஞ்சிடும். ஜெல்லுல மருந்து 2 சதவீதம்னு வச்சுக்கோ. 100 எம்ஜி எடையுள்ள ஒரு துண்டு பிழிஞ்சா அதுல 2 எம்ஜி மருந்து. பக்கத்து பெட் பிள்ளைக்கு 2.6 வேணுமா, 130 எம்ஜி துண்டு பிழி. அவ்ளோதான் சூட்சுமம். ஒரே சிரிஞ்சுல இருந்து பத்து பிள்ளைக்கு பத்து டோஸ். தொழிற்சாலையில ஒரு புது அளவு மாத்திரைக்கு அச்சு மாத்தி, பேட்ச் ஓட்டி, ஸ்டெபிலிட்டி பாத்து லட்சக்கணக்குல அடிக்கணும், 2.6 எம்ஜிக்கு எவன் அந்த வேலை பாப்பான்? இங்க கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணை மாத்தினா போதும். ஆனா பாரு, எல்லாமே ஜெல்லுல மருந்து ஒரே சீரா கலந்திருக்குங்குற நம்பிக்கையில நிக்குது. கலவை ஒரு பக்கம் கெட்டியா ஒரு பக்கம் நீர்த்து இருந்துச்சுன்னா, எடை சரியா இருக்கும், மருந்து தப்பா இருக்கும். படிப்புல மிக்ஸிங் சாப்டரை போர்னு தாண்டிடாத.

கேள்வி: இது பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக்கையா பிள்ளைக்குக் கொடுக்குறாங்க?

பதில்: இல்லைங்க. ஏற்கனவே மாத்திரை, கேப்ஸ்யூல், ஜெல்லியில சேர்க்குற அதே வகை பொருள்தான், செல்லுலோஸ், ஜெலட்டின், பெக்டின், இந்த மாதிரி. பொம்மை பிரிண்டருக்கு போடுற இழைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

கேள்வி: எங்க காலத்துல பெரியவங்களுக்கு ஒரு மாத்திரைன்னா சின்னப் பிள்ளைக்கு அரை, கைக்குழந்தைக்கு கால்னு கொடுத்து வளர்த்தோம். இப்ப என்னத்துக்கு 2.6, 2.8னு தசமப் புள்ளி கணக்கு? சும்மா பெருசு பண்றீங்களோன்னு தோணுது.

பதில்: ஐயா, உங்க காலத்து டாக்டருங்களும் கணக்கோடதான் கொடுத்தாங்க. யங் ரூல்னு ஒண்ணு உண்டு, வயசை வயசு கூட்டல் 12 ஆல வகுக்கணும். நாலு வயசுன்னா நாலு கீழ பதினாறு, சரியா கால் மாத்திரை. உங்க கால் மாத்திரை அங்க இருந்து வந்ததுதான். நிறைய மருந்துக்கு அது ஓடவும் ஓடிச்சு, ஏன்னா கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் தாங்குற மருந்துங்க.

சிக்கல் எங்கன்னா, குழந்தை சின்ன சைஸ் பெரிய மனுஷன் கிடையாது. பிறந்த குழந்தையோட கல்லீரல் இன்னும் வேலை கத்துக்கிட்டே இருக்கும். குளோராம்பெனிகால்னு ஒரு ஆன்டிபயாடிக், அதை பச்சைக்குழந்தைங்களுக்கு எடைக்கணக்குல பெரியவங்க மாதிரியே கொடுத்தப்ப அந்த மருந்தை வெளியேத்த முடியாம உடம்பு சாம்பல் நிறமாகி இறந்துபோனாங்க, 1959ல இது மருத்துவ இதழ்கள்ல பதிவாச்சு, இன்னிக்கும் அதுக்கு பேரு கிரே பேபி சிண்ட்ரோம். இதுக்கு நேர்மாறாவும் இருக்கு. தியோஃபிலின்னு மூச்சிரைப்பு மருந்து, அதை ஒரு வயசு தாண்டின பிள்ளைங்க பெரியவங்களை விட வேகமா உடம்புல இருந்து கழிச்சிடுவாங்க, ஒரு கிலோ எடைக்கு பெரியவங்களை விட அதிகமா கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, பாதி கால்னு ஒரே கத்தியால எல்லாத்தையும் வெட்ட முடியாது. இதய மருந்து, உறுப்பு மாத்தினவங்களுக்கு கொடுக்குற டாக்ரோலிமஸ், ரத்தம் உறையாம இருக்குற வார்ஃபரின், இதுலயெல்லாம் குறைஞ்சா ஒரு ஆபத்து, கூடினா ஒரு ஆபத்து, நடுவுல ஒரு குறுகின பாதை. தசமப் புள்ளி அந்தப் பாதைக்காகத்தான். சாதாரண காய்ச்சலுக்கு யாரும் பிரிண்டர் கேக்கல.

கேள்வி: அதுக்குத்தான் சிரப் இருக்கே? எத்தனை எம்எல் வேணுமோ அளந்து கொடுத்தா முடிஞ்சுது. பிரிண்டர் வாங்குற செலவு எதுக்கு?

பதில்: சிரப் இருந்தா, அது நல்ல சிரப்பா இருந்தா, தாராளமா சிரப்தான். நானும் முதல்ல அதைத்தான் தேடுவேன். ஆனா எல்லா மருந்தும் சிரப்பா வர்றதில்ல. பெரியவங்களுக்கு மட்டும் மாத்திரையா வந்த மருந்தை பார்மசியில பொடிச்சு திரவத்துல கலந்து பாட்டில்ல ஊத்திக் கொடுப்போம், அது தண்ணி சேர்ந்ததால கிருமி வளராம பிரிசர்வேட்டிவ் வேணும், ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், சில வாரத்துல தூக்கிப் போடணும். கரையாத மருந்துன்னா கரைய வைக்க ஆல்கஹால், ப்ரொப்பிலீன் கிளைக்கால்னு சேர்ப்பாங்க, பெரியவங்களுக்கு அந்த அளவு பொதுவா ஒண்ணும் பண்ணாது, பச்சைக்குழந்தை உடம்புல தேங்கும். கரைய வைக்குற திரவத்துல அசட்டையா இருந்தா என்ன ஆகும்ங்குறதுக்கு 1937ல அமெரிக்காவுல நடந்ததே சாட்சி, சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால்ல கரைச்சு ராஸ்பெர்ரி வாசனையோட வித்தாங்க, அது விஷம், நூறு பேருக்கு மேல செத்தாங்க, அதுல நிறைய பேர் குழந்தைங்க. அடுத்த வருஷம் 1938ல அந்த நாட்டோட மருந்துச் சட்டமே மாறிச்சு.

அப்புறம் அளக்குறது. இதுல நான் கொஞ்சம் கோவமாவே பேசுவேன், மன்னிச்சுக்கோங்க. நம்ம பேச்சுல எம்ஜியும் மில்லி, எம்எல்லும் மில்லி. "அஞ்சு மில்லி கொடுங்க"ன்னு போன்ல சொன்னா எந்த மில்லி? ஒரு எம்எல்லுல ஒரு எம்ஜி இருக்குற மருந்துன்னா தப்பிச்சீங்க, ஒரு எம்எல்லுல பத்து எம்ஜி இருந்துச்சுன்னா பத்து மடங்கு ஓவர்டோஸ். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு அப்பா, பழைய பாட்டில் தீர்ந்து வேற ஒரு இடத்துல புது பாட்டில் வாங்கினாரு, அது ரெண்டு மடங்கு கெட்டியான கலவை, லேபிள்ல அது சின்ன எழுத்துல இருந்துச்சு, அவரு பாவம் வழக்கமா கொடுக்குற அதே அளவைக் கொடுத்துட்டாரு. பிள்ளை ரெண்டு நாள் அப்சர்வேஷன்ல இருந்து நல்லபடியா வீட்டுக்குப் போச்சு. அந்த அப்பா தன்னைத் தானே திட்டிக்கிட்டு உக்காந்திருந்த காட்சி இன்னும் கண்ணுலயே இருக்கு. தப்பு அவருது இல்ல, அந்த லேபிளோடது.

பிரிண்ட் பண்ண மாத்திரையில அளக்குற வேலையே வீட்டுக்கு வராது. ஒரு குழி, ஒரு வேளை. எனக்கு இந்த டெக்னாலஜியில பிடிச்சதே அதுதான், மெஷின் எவ்ளோ ஜோரா சுத்துதுங்குறது எல்லாம் அப்புறம். ஸ்பூனை மட்டும் தூக்கிப் போட்டுடுங்க, ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2015லயே ஸ்பூன் கணக்கு வேண்டாம், எம்எல் மட்டும் எழுதுங்கன்னு சொல்லிடுச்சு. மருந்தோட வர்ற வாய் சிரிஞ்சு இருக்கே, அதான் சரி.

கேள்வி: நிஜமாவே குழந்தைங்களுக்கு கொடுத்துப் பாத்திருக்காங்களா, இல்ல லேப்ல மட்டும் நடக்குற சமாச்சாரமா?

பதில்: கொடுத்திருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஸ்பெயின்ல சாண்டியாகோ டி கம்போஸ்டெலாங்குற ஊரோட பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில நடந்தது, 2019ல ஆய்வா வெளிவந்துச்சு. மேப்பிள் சிரப் யூரின் வியாதின்னு ஒரு அபூர்வ பிறவிக்கோளாறு, சில அமினோ அமிலங்களை உடம்பால உடைக்க முடியாது, சிறுநீர் இனிப்பு வாசனை அடிக்கும், சாப்பாட்டுல புரதத்தை கடுமையா குறைக்கணும். அப்படிக் குறைக்கும்போது ஐசோலூசின்ங்குற அமினோ அமிலம் தேவைக்கும் கீழ போயிடும், அதை அளந்து திருப்பிக் கொடுக்கணும். கூடக்கூடாது, குறையக்கூடாது, ரத்தத்துல பாத்துப் பாத்து மாத்திக்கிட்டே இருக்கணும். வழக்கமா பார்மசியில கையால தயார் பண்ணித்தான் கொடுத்தாங்க. ஆய்வுல மெல்லுற மாத்திரையா, வேற வேற கலர், வேற வேற சுவையில அந்த ஆஸ்பத்திரி பார்மசியிலயே பிரிண்ட் பண்ணி நாலு பிள்ளைங்களுக்குக் கொடுத்தாங்க. ரத்த அளவு இருக்க வேண்டிய எல்லைக்குள்ள நல்லாவே நின்னுச்சு, பிள்ளைங்களும் ஏத்துக்கிட்டாங்க, ஆனா எல்லா சுவையும் எல்லாருக்கும் பிடிக்கல. நாலே நாலு பேர்தான், அதை வச்சு உலகமே மாறிடுச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா இந்த வியாதிக்காரங்களே கொஞ்சம் பேர்தான், அவங்களுக்குன்னு எந்தக் கம்பெனி பத்து அளவுல மாத்திரை அடிக்கப் போகுது?

சீனாவுல ஸ்பைரனோலாக்டோன், ஹைட்ரோகுளோரோதயசைடுன்னு நீர் பிரிய வைக்குற ரெண்டு மாத்திரைகளை கையால வெட்டுறதையும் பிரிண்டர்ல சின்ன டோஸா செய்யுறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க, பிரிண்டர் துண்டுதான் சீரா இருந்துச்சு. வெட்டிப் பாத்த யாருக்கும் இதுல ஆச்சரியம் இருக்காது.

2015ல அமெரிக்காவுல ஸ்பிரிட்டாம்னு ஒரு வலிப்பு மாத்திரைக்கு அனுமதி கிடைச்சுது, அதுதான் முதல் 3டி பிரிண்ட் மருந்துன்னு நிறைய பேர் இங்க அனுப்பியிருந்தீங்க. உண்மைதான், ஆனா அது தொழிற்சாலையில குறிப்பிட்ட சில அளவுகள்ல மட்டும் செய்யுறது. அங்க பிரிண்டரோட வேலை வேற, 1000 எம்ஜி மருந்து இருக்குற பெரிய மாத்திரையையும் ஒரு வாய் தண்ணியில பொலபொலன்னு கரையுற மாதிரி பண்றது. நாம பேசுற தனித்தனி டோஸ் சமாச்சாரம் அதுல இல்ல.

கேள்வி: கலர் கலரா, இனிப்பா, ஜெல்லி மாதிரி செஞ்சா பிள்ளை மிட்டாய்னு நினைச்சு மொத்தத்தையும் தின்னுடாதா?

பதில்: இந்த இதழ்ல வந்ததுல நல்ல கேள்வி இதுதான். தின்னுடும். கரடி, டைனோசர் வடிவத்துல எல்லாம் பிரிண்ட் பண்ணி போட்டோ போடுறாங்க, பாக்க அழகா இருக்கு, எனக்கு அதுல சம்மதமே இல்ல. கசப்பை மறைக்கட்டும், தொண்டையில சிக்காம மெத்துன்னு இருக்கட்டும், சாப்பிட அடம் பிடிக்காம இருக்க ஒரு கலர் இருக்கட்டும், அதோட நிறுத்திக்கணும். வட்டமா, மருந்து மாதிரியே இருக்கட்டும். குழந்தையால திறக்க முடியாத பேக்கிங்ல வரணும், எட்டாத உயரத்துல பூட்டி வைக்கணும். வீட்டுல "மிட்டாய் சாப்பிடு"ன்னு சொல்லிக் கொடுக்குற பழக்கத்தை தயவு செஞ்சு விட்டுடுங்க, மருந்துன்னே சொல்லுங்க, நாலு வயசுப் பிள்ளைக்கு அது புரியும்.

கேள்வி: நானும் ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட்தான் மேடம். மெஷின் வந்தா நம்ம வேலை என்ன ஆகும்? அதை விட முக்கியமா, மெஷின் தப்பா பிரிண்ட் பண்ணா யார் பொறுப்பு? நாம கலக்குற மருந்தையே டெஸ்ட் பண்ண நேரம் இல்ல, இதை எப்படி டெஸ்ட் பண்றது?

பதில்: நம்ம வேலை போகாது, இடம் மாறும். பொடிக்குற, எடை போடுற, பொட்டலம் மடிக்குற நேரம் குறையும். மணிக்கணக்குல உக்காந்து பொட்டலம் மடிச்ச எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. அதுக்குப் பதிலா இங்க் சரியா இருக்கா, மெஷின் சுத்தமா இருக்கா, முன்னாடி ஓடின மருந்து நுனியில மிச்சம் இருக்கா, இந்த டோஸ் இந்தப் பிள்ளைக்குத்தானான்னு பாக்குற வேலை கூடும்.

டெஸ்ட் விஷயம்தான் நிஜமான தலைவலி. தொழிற்சாலையில லட்சம் மாத்திரை அடிச்சு கொஞ்சத்தை எடுத்துக் கரைச்சுப் பாத்துட்டு மிச்சத்தை விடுவாங்க. ஐரோப்பிய பார்மகோபியா, அதான் மருந்துத் தர விதிப் புத்தகம், அதோட கணக்குல பத்து மாத்திரை எடுத்தா ஒவ்வொண்ணோட மருந்து அளவும் சராசரியில 85ல இருந்து 115 சதவீதத்துக்குள்ள இருக்கணும், ஒண்ணு வெளிய போனாலே அப்படியே பாஸ் கிடையாது. இங்க ஒரு பிள்ளைக்கு மொத்தமே இருபத்தெட்டு மாத்திரைதான் பிரிண்ட் பண்றோம், அதுல பத்தை கரைச்சுட்டா பிள்ளைக்கு எதைக் கொடுக்குறது? அதனால உடைக்காம பாக்குற வழிதான் தேவை. பிழியுற ஒவ்வொரு துண்டையும் மெஷினுக்குள்ளயே எடை போடுறது, பிழியும்போது அழுத்தம் எப்படி இருந்துச்சுன்னு பதிவு பண்றது, அகச்சிவப்பு ஒளியை அடிச்சு உள்ள மருந்து எவ்ளோன்னு பாக்குறது, இப்படி. எடை மட்டும் சரியா இருந்தா பத்தாது, மேல அந்த பி.பார்ம் தம்பிக்கு சொன்ன அதே காரணம்தான்.

பொறுப்பு யாருன்னா, சட்டம் இன்னும் நாட்டுக்கு நாடு வேற மாதிரி இருக்கு. ஒரு நோயாளிக்குன்னு பார்மசியில கலந்து கொடுக்குற பழைய சட்டத்துக்குள்ளயே இதை சில இடத்துல நடத்துறாங்க. அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி கொடுக்குற அமைப்பான எஃப்டிஏ 2022ல நோயாளி இருக்குற இடத்துலயே மருந்து தயாரிக்குறதைப் பத்தி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டு கருத்து கேட்டுச்சு. பிரிட்டன் ஒரு படி மேல போய் இதுக்குன்னே தனி விதிமுறை கொண்டு வந்துடுச்சு, 2025 ஜூலை 23ல அமலுக்கு வந்துச்சு. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஒரு மையக் கட்டுப்பாட்டு இடம் லைசென்ஸ் வச்சிருக்கும், ஒவ்வொரு ஆஸ்பத்திரியில நடக்குற தயாரிப்புக்கும் அவங்கதான் பதில் சொல்லணும். யாரோ ஒருத்தர் கையில பொறுப்பு இருக்குன்னு எழுதி வச்சதே பெரிய விஷயம்.

ஒண்ணு மட்டும் நம்ம பிள்ளைங்களுக்கு, அதான் ஜூனியருங்களுக்கு, சொல்லி வைங்க. டாக்டர் அவசரத்துல 2.5க்கு பதிலா 25னு தட்டிட்டாருன்னா, மெஷின் ஒரு கேள்வியும் கேக்காது, ரொம்ப துல்லியமா, ரொம்ப அழகா 25 எம்ஜி பிரிண்ட் பண்ணும். கையால வெட்டும்போது "என்னடா இது, ரெண்டரை மாத்திரையா வருது, இந்தக் குட்டிப் பிள்ளைக்கா?"ன்னு ஒரு உறுத்தல் வரும் பாருங்க, அந்த உறுத்தல் மெஷினுக்கு வராது. எடையையும் டோஸையும் ஒப்பிட்டு கத்துற சாஃப்ட்வேர் வைக்கலாம், வைக்கணும். ஆனாலும் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி ரெண்டாவது ஆள் ஒருத்தர் கணக்கைத் தனியா போட்டுப் பாக்கணும்.

கேள்வி: எந்த மருந்தை வேணாலும் இப்படி பிரிண்ட் பண்ணலாமா? ஆன்டிபயாடிக் பண்ணுவாங்களா? குறைமாசத்துல பிறந்த குழந்தைக்கு?

பதில்: எல்லாம் முடியாது. டோஸ் சின்னதா இருக்குற மருந்துதான் இதுக்கு வசதி, சில எம்ஜிங்க. நூத்துக்கணக்கான எம்ஜி கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக்கை ஜெல்லுல ஏத்தினா துண்டு பெருசாயிடும், எந்தப் பிள்ளை மெல்லும்? சூடு, ஈரம் பட்டா கெடுற மருந்தும் கஷ்டம். அவசரத்துக்கும் ஆகாது, வலிப்பு வந்து துடிக்குற பிள்ளைக்கு பிரிண்டரை சூடு பண்ணிட்டு நிக்க முடியாது.

குறைமாசக் குழந்தைக்கு பெரும்பாலும் ட்யூப் வழியாத்தான் போகும், அங்க திரவம்தான். ஆனா ஒரு ஆச்சரியமான விஷயம், ரெண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு குட்டி மாத்திரை செஞ்சு ஆறு மாசத்துக்கு மேல இருக்குற குழந்தைங்களுக்குக் கொடுத்து ஜெர்மனியில ஆய்வு பண்ணாங்க, சிரப்பை ஏத்துக்குற அளவுக்கு, சில வயசுல அதை விட நல்லாவே முழுங்கினாங்க. அதனால "சின்னப் பிள்ளைன்னா சிரப்தான்"ங்குறதே கொஞ்சம் பழைய நினைப்புதான். இந்தக் குட்டி மாத்திரைக்கு பிரிண்டரே வேணாம், தொழிற்சாலையிலயே செஞ்சு எண்ணிக் கொடுக்கலாம். பிரிண்டர் விக்குறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

கேள்வி: என் பையனுக்கு ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. எல்லாத்தையும் சேர்த்து ஒரே மாத்திரையா பிரிண்ட் பண்ண முடியுமா?

பதில்: டெக்னிக்கலா முடியும், அடுக்கு அடுக்கா வைக்கலாம். நான் உங்க இடத்துல இருந்தா அவசரப்பட மாட்டேன். ஆறுல ஒண்ணோட டோஸ் மாறினாலும் மாசத்துக்குன்னு செஞ்சு வச்சது மொத்தமும் வீண், பையன் துப்பிட்டான்னா ஆறும் போச்சு, எதுனால அலர்ஜி வந்துச்சுன்னு கண்டுபிடிக்குறதும் பாடு. முதல்ல ஆறும் இன்னும் தேவையான்னு டாக்டர்கிட்ட உக்காந்து ஒரு தடவை பாருங்க, பல நேரம் ஒண்ணு ரெண்டு தானா குறையும்.

கேள்வி: வீட்டுல 3டி பிரிண்டர் இருக்கு. அதுல நானே...

பதில்: வேண்டாம்.

கேள்வி: மாத்திரையை அரைச்சு பால் பாட்டில்ல கலந்து கொடுக்குறேன். பேரன் பாதி குடிச்சுட்டு தூங்கிடுறான். அப்ப பாதி டோஸா கணக்கு?

பதில்: பாதியா, காலா, முக்காலான்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாதும்மா, அடியில தங்கினது எவ்ளோன்னு யாருக்குத் தெரியும். முழு பாட்டில்ல கலக்காதீங்க, சின்ன வாய் ஒண்ணுல அடங்குற அளவு எதுலயாவது கலந்து முதல்ல அதைக் கொடுத்துட்டு அப்புறம் பாட்டிலைக் கொடுங்க. அதுக்கும் முன்னாடி, அந்த மாத்திரையை அரைக்கலாமான்னு பார்மசியில கேளுங்க. மெதுவா நாள் பூரா மருந்தை விடுற மாதிரி செஞ்ச மாத்திரையை அரைச்சா மொத்த மருந்தும் ஒரே நேரத்துல இறங்கும், வயித்துல கரையாம குடல்ல கரையுற மாதிரி மேல பூச்சு போட்டதை அரைச்சா பூச்சு போட்டதே வீண். பால் ஒத்துக்காத மருந்தும் இருக்கு. ஸ்ட்ரிப்பை கையோட எடுத்துட்டுப் போங்க, பேரைச் சொன்னா குழப்பம் வரும்.

கேள்வி: எனக்கு 9 வயசு ஆன்ட்டி. என் மாத்திரை ரொம்ப கசப்பு. பிரிண்டர்ல பண்ணா கசக்காதா? (அம்மா எழுதி அனுப்பினாங்க, கேள்வி என்னோடது.)

பதில்: கசக்கலாம் கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். சொல்லப்போனா மெல்லுற மாத்திரையில கசப்பு ஜாஸ்தியா தெரியும், ஏன்னா நீ கடிச்சுக் கடிச்சு அதை நாக்கு பூரா தடவுற. டபக்குன்னு முழுங்குற மாத்திரையில நாக்குக்கு தெரியுறதுக்குள்ள உள்ள போயிடும். அதனால கசப்பு மருந்தை மெல்லுற மாதிரி பிரிண்ட் பண்றது எங்களுக்கு கஷ்டமான வேலை, இனிப்பு மட்டும் சேர்த்தா பத்தாது, மருந்தை ஏதாவது ஒண்ணுக்குள்ள ஒளிச்சு வைக்கணும். உனக்கு ஒன்பது வயசு ஆச்சுல்ல, முழுங்கப் பழகலாம். மாத்திரையை நாக்குல வச்சு, ஒரு பெரிய வாய் தண்ணி, தலையை நேரா வச்சுக்கோ, பின்னாடி சாய்க்காத, முழுங்கு. முதல் நாள் வராது. அம்மாவை பக்கத்துல வச்சுக்கிட்டு பழகு, வந்ததும் எனக்கு எழுது.